பரணில் கிடந்த இரண்டு கைப்பிடிகள்

என் அன்புக்கும், இப்போதைக்கு என் கோபத்துக்கும் உரிய அத்தைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. பழக்கம். நாங்கள் நலம். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வலது முட்டிதான் முன்னைவிட மோசம். அவருடைய பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் நண்பர்கள் இரண்டு பேர் இப்போதும் வாரம் ஒருநாள் வந்து சீட்டாடுகிறார்கள். உங்கள் தலைத்திவசம் போன வாரம் நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றா எழுதினேன்? முழுக்கச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வருஷமாக நான் வாங்கிய பேச்சு உங்களுக்குத் தெரியாது. பாத்ரூமில் எழுந்திருக்கும்போது நீங்கள் பிடித்த கம்பி சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நெஞ்சில் சளி கட்டி, இருபது நாளில் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் மகள் சுமதி அண்ணி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "கம்பி வெக்கிறேன்னு ஆளைக் கூட்டிட்டு வந்தது அவதான். எங்கம்மா உயிரு அந்தக் கம்பியிலதான் போச்சு."

கையில் சாம்பார் வாளியோடு நின்றேன். என்ன பதில் சொல்வது? ஆளைக் கூட்டி வந்தது நான்தானே. முசிறியில் பள்ளிக்கூட வேலையை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து, கான்ட்ராக்டர் சேகரைப் பிடித்து, கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று இரண்டு கைப்பிடி வைக்கச் சொன்னது நான்தான். உங்கள் மகனும் மகளும் போனில் "சரி, பார்த்துச் செய்யி" என்றதோடு சரி. அடுத்த முறை வந்தபோது எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு கம்பியும் அதில் இரண்டு துண்டுகளும் தொங்கின. இன்னொன்று துண்டுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நீங்கள் போன பிறகு சேகரைப் போனில் கூப்பிட்டு, இரண்டு சொன்ன இடத்தில் ஒன்றுதான் வைத்தீர்கள், அதையும் உறுதியாக வைக்கவில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தப்புதாங்கம்மா, தப்புதாங்கம்மா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். தலைத்திவசம் முடிந்ததும் மாமாவைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவதாம். இந்த வீட்டில், என்னை நம்பி, அப்பாவை விட்டுவைக்க முடியாதாம். நான்காவது மாடி ஃப்ளாட்டில் மாமா யாரோடு சீட்டாடுவார்? மகளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்று, "எனக்கு இங்கேயே இருந்துடணும்மா" என்று மட்டும் சொன்னார். திவசத்துக்குள் அந்தப் பாத்ரூமைச் சரிபண்ணியே தீர்வது என்று இறங்கினேன்.

அத்தை, இந்தக் கான்ட்ராக்டர்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும். முதலில் வந்தவர் உள்ளே நுழைந்ததும் சார் இல்லையா என்று கேட்டார். கூப்பிட்டது நான், போனில் அரை மணி நேரம் பேசியது நான், எதிரில் நிற்பதும் நான். சார் முசிறியில் என்றதும், எதற்கும் சாரிடமே பேசிக்கொள்கிறேன் என்றார். பேச்சோடு பேச்சாகத் தன் தோளுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடும் இழுத்தார். ஆள் ஆறடி. அந்த உயரத்தில் கைப்பிடி வைத்தால் மாமா ஸ்டூல் போட்டு ஏறித்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாமவர் செல்போனில் ஹோட்டல் பாத்ரூம் படமாகக் காட்டினார். தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளப்பு. தண்ணீர் பட்டால் வழுக்காதா என்றேன். பார்ப்பதற்கு ரிச்சாக இருக்கும் மேடம் என்றார். கேட்டது என்ன, சொன்னது என்ன?

மூன்றாமவர் கொஞ்சம் பரவாயில்லை என்று நினைத்தேன். வாக்கர் நுழைகிற அளவுக்குக் கதவை அகலமாக்க வேண்டும் என்றதும் பின்வாங்கிவிட்டார். அந்த மூலையில் கை வைத்தால் வீட்டுக்கு ஆகாதாம். அதே மூலையில் ஒரு மனுஷி விழுந்து போய்ச் சேர்ந்தாளே, அது மட்டும் வீட்டுக்கு ஆகிற காரியமா? உடைந்த இடத்தில் வேண்டுமானால் பழைய டைல்ஸையே ஒட்டித் தருகிறேன், மீதி இருந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனைக்கும் மாமா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தராவது அவரிடம், எங்கே, ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருங்கள், கை எங்கே போகிறது பார்க்கலாம் என்று கேட்கவில்லை.

மீதி டைல்ஸைத் தேடித்தான் பரணில் ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், உங்கள் பழைய சுங்கடிப் புடவையில் சுற்றி, இரண்டு கைப்பிடிகள். தடித்த ஸ்டீல். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. ஸ்க்ரூ பொட்டலம் அப்படியே ஒட்டியிருந்தது. அப்படியென்றால் உங்கள் கையோடு வந்தது என்ன? ஏணியிலேயே நின்றுவிட்டேன் அத்தை.

சேகருக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வண்டியில் வந்து, கைப்பிடிகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரியம்மாதாங்க வேணாம்னாங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, வைகுண்ட ஏகாதசிக்குப் பத்து பேரு வந்து தங்குற வீடு, பாத்தா என்ன நெனைப்பாங்கன்னாங்க. துண்டு போடுறதுக்கு ஒரு கம்பி அடிச்சா போதும்னு சொல்லி, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா."

உங்களைக் கூப்பிட்டது யார், நானா அவர்களா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். ஒரு வயசானவர் நாளைக்கு இதைத்தான் பிடிப்பார் என்று தெரிந்தே துண்டுக் கம்பி அடித்த கையை என்னவென்று சொல்வது?

ஆனால் என் கோபம் அவரோடு நிற்கவில்லை. முதல்முறையாக உங்கள் பக்கம் திரும்பியது. வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து தங்குகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று, தினமும் எழுந்திருக்க வேண்டிய உங்கள் இடுப்பைப் பணயம் வைத்தீர்களே. அவர்களில் ஒருத்தராவது வந்து உங்களைத் தூக்கினார்களா?

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் மாமா. அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, அவருக்கும் இது முன்பே தெரியும். அண்ணி என்னை அவ்வளவு பேசும்போது எப்படி மாமா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"போய்ச் சேந்தவளைக் குத்தம் சொல்ல மனசு வரலம்மா" என்றார். அப்புறம், "இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அன்னிக்கு நீ அவ எதிர்லயே கான்ட்ராக்டர்கிட்ட, இவங்களால இனிமே தானா எந்திரிக்க முடியாது, அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணுங்கன்னு சொன்னே. அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல."

சொன்னேன்தான். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீங்கள் அங்கே இல்லாத மாதிரி. கை எங்கே போகிறது என்று ஒருத்தரும் மாமாவைக் கேட்கவில்லை என்று கொஞ்சம் முன்னால் பொங்கினேனே, நான் மட்டும் உங்களைக் கேட்டேனா? ஊரையே அதட்டி வேலை வாங்கிய உங்களை ஒரு வாக்கியத்தில் நோயாளி ஆக்கிவிட்டேன். அதற்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே அத்தை. திட்டத் தெரியாதவரா நீங்கள்? எதற்காகக் கைப்பிடியைத் தண்டித்தீர்கள்?

மாமாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். திவசத்தன்று எல்லாரும் வருவார்கள், உண்மையை நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? அவர் உள்ளே போய்விட்டார்.

சேகரையும் விடவில்லை. "நான் சொன்ன வேலை இன்னும் முடியல. வந்து முடிச்சுக் குடுங்க" என்றேன். வந்தார். இந்த முறை மாமாவைத்தான் முதலில் உட்கார வைத்தார். நாலு தடவை உட்கார்ந்து எழுந்தார் மாமா. அவர் கை தானாகப் போய்த் தொட்ட இடத்தில்தான் பென்சில் கோடு விழுந்தது. கதவு அகலமாகிவிட்டது, தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் வந்துவிட்டது. கைப்பிடி பொருத்திய பிறகு, முழு எடையையும் போட்டுத் தொங்குங்கள் என்றேன். சேகர் தொங்கினார். அப்புறம் நானும் தொங்கினேன். எண்பது கிலோ, அசையவில்லை.

திவசத்தன்று வீடு நிறைய ஆட்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவப் போன அண்ணி, திரும்பி வந்து கூடத்தில் நின்று, இதை அம்மா இருக்கும்போதே ஒழுங்காக வைத்திருந்தால் இன்று இந்தத் திவசமே இருக்காதே என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். இலையின் முன் உட்கார்ந்திருந்தவர் மேஜையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"வசந்தி வெக்கச் சொன்னாம்மா. உங்கம்மாதான் வேணாம்னா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வருஷமா நீ அவளைப் பேசறதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். நான் சென்னைக்கு வரல. இந்த வீட்டுலதான் இருப்பேன்."

அண்ணி அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. நீங்கள் இருந்திருக்கலாம் அத்தை. ஒரு கைப்பிடி போதும், இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பீர்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த மனுஷரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் இல்லாத மாதிரி அவரைப் பற்றிப் பேச மாட்டேன். எனக்கும் முட்டி தேயும் நாள் வரும். அன்றைக்கு என் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் பார்க்கப் பார்க்கவே பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். வெட்கப்பட மாட்டேன். உங்களுக்கும் சேர்த்து நான் வாழ்ந்துவிட்டு வருகிறேன். வந்து உங்களிடம் நேரில் சண்டை போட வேண்டியது பாக்கி இருக்கிறது.

கோபம் தீராத, பாசமும் தீராத
உங்கள் மருமகள்
வசந்தி