சாவி மேசை மேல, காலிஃப்ளவர் ஃப்ரீசர்ல

என்னங்க,

நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். "நீ இல்லாட்டி இந்த வீடு நின்னுடுமா"ன்னு நேத்து கேட்டீங்கல்ல? நிக்குதா ஓடுதான்னு நீங்களே பாருங்க. என் சாவி மேசை மேல இருக்கு.

மலிவா கிடைக்குதுன்னு நீங்க அள்ளிட்டு வந்த காலிஃப்ளவரையும் பிராக்கோலியையும் அழுக விட்டுட்டுப் போக மனசு வரலை. கொதிக்கிற தண்ணியில மூணு நிமிஷம் போட்டு, ஐஸ் தண்ணியில முக்கி, துணியில பரப்பி ஈரத்தைத் துடைச்சேன். காலிஃப்ளவர் தட்டுல உறைஞ்சதும் பையில கட்டியாச்சு. பிராக்கோலி ஃப்ரீசர்ல தட்டோட இருக்கு. கல்லு மாதிரி ஆனதும் பையில போடுங்க. போன தடவை மாதிரி ஈரத்தோட திணிச்சு, பாறையாக்கி, சுத்தியலைத் தேடாதீங்க.

போன் பண்ண வேண்டாம். பண்றதா இருந்தா பத்து மணிக்கு மேல பண்ணுங்க. அதுவரைக்கும் பஸ்ல இருப்பேன், எதுவும் கேக்காது.

பி.கு.: கட்டி முடிச்ச அப்புறம்தான் கவனிச்சேன். கைப்பழக்கத்துல எல்லாப் பையிலயும் ரெண்டு பேருக்கு அளந்து போட்டிருக்கேன். ஒரு தடவை உருகினதைத் திரும்ப ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது. அதனால வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணையும் பிரிக்காதீங்க.

மேசையில சாவியைத் தேடாதீங்க. திரும்ப எடுத்துக்கிட்டேன்.