பத்திலேயே நின்ற டோன் திருகு

கிரி,

கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சோறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிட்டாரை வாங்க ஷா ஆலத்திலிருந்து சஃப்வான் என்பவர் மாலையில் வருகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசித்தபோது நான் காதைத் துளைக்கிறது என்றுதான் சொன்னேன். விற்கச் சொல்லவில்லை. உடனே ரோஷப்பட்டு விளம்பரம் போட்டது நீங்கள்தான். கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் அந்த டோன் திருகைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னதற்கு, "பழைய அமெரிக்கன் கிட்டார்ல டோன் எப்பவும் பத்துலதான் இருக்கணும் லா, கௌசி. அதத் தொடுறதே பாவம்!" என்று ஒரு பிரசங்கம் வேறு. கோயில் மூலவரைக்கூடத் தினமும் தொட்டுத்தான் அபிஷேகம் செய்கிறார்கள்.

இத்தனை வருஷமாக நீங்கள் திருப்பாத அந்தத் திருகை இன்று காலை நான் திருப்பினேன். முதலில் அப்பளம் நொறுங்குவதுபோல் ஸ்பீக்கர் கரகரத்தது. இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை திருப்பியதும் அடங்கிவிட்டது. ஐந்தில் வைத்துக் கம்பியை ஒரு மீட்டு மீட்டினேன். கூச்சல் போய்க் குரல் வந்துவிட்டது, கிரி.

அவர் வருவதற்குள் அதை அப்படியே வைத்து ஒரு பாட்டு வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விற்க மனம் வந்தால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள்.

கௌசலா

பி.கு.: மனம் வராவிட்டால் அவருக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். பாவம், அந்த மனிதர் ஜாமில் மாட்டிக்கொண்டு வர வேண்டாம்.

இன்னொன்று: நான் வந்ததும் எனக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்தத் தடவை அறைக் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன்.