கொக்கியும் அவள் குட்டியும்

மே 9, சனி. அஸ்தம்பட்டி.

காலையிலேயே வெயில். மாவுக்கட்டுக்குள் அரிப்பு. படகில் வழுக்கிக் கணுக்காலை ஒடித்துக்கொள்ள எனக்கு வேறு மாதமே கிடைக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம், எங்கள் டால்பின் ஆய்வுக்கு இதுதான் நல்ல நேரம். விசைப்படகு ஒன்றும் ஓடாது. டால்பின்களின் விசில் தண்ணீருக்குள் போட்ட மைக்கில் துல்லியமாக விழும். நான் அண்ணன் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு சீரியல் கேட்கிறேன்.

செய்தது: முதுகுத்துடுப்புப் படங்களைப் பிரித்தது. வெட்டும் தழும்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்துத்தான் அடையாளம். கொக்கியின் படங்கள் தனியாக. துடுப்பு நுனி வளைந்தவள். மார்ச்சில் குட்டி போட்டாள். நாங்கள் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா மிதந்து மிதந்து பழக்கியதில், நாலு வருஷம் கழித்து, இப்போதுதான் குட்டியோடு எங்கள் படகுக்குப் பக்கத்தில் வருகிறாள்.

சாயங்காலம் அண்ணன். போர்வெல் போடும் ரிக் வண்டி டிரைவரைப் போனில் திட்டி முடித்துவிட்டு என்னிடம்: "ஸ்கூலு லீவுதான? கொழந்தைகளக் கூட்டிட்டு உங்க கடலுக்குப் போலாம்னு இருக்கறன். அந்த டால்பினு எந்தப் பக்கம் நிக்கும், சொல்லு சாமி."

மாட்டேன் என்றேன். துரத்தினால் குட்டி தாயை விட்டுப் பிரிந்துவிடும்.

"நாங்க என்ன புடிச்சுத் திங்கவா போறோம்?"

அடுப்படியிலிருந்து அம்மா: "அண்ணனுக்குச் சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?"

மே 11, திங்கள்.

போய்விட்டார்கள். ராத்திரியே கார் கிளம்பியிருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னது அம்மா. "நீ போன்ல பேசறது எங்க காதுல உழுவாதா?"

சேசையா எங்கள் படகுக்காரர். கூப்பிட்டேன். அண்ணன் கேட்டதற்கு அவர் முடியாது என்றாராம், தடை இல்லாத நாட்டுப்படகு வேறு இரண்டு பேசிவிட்டார்களாம். அண்ணனைக் கூப்பிட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு நில், அதுவே வரும் என்றேன். "செரி செரி." வைத்துவிட்டான்.

மே 12, செவ்வாய்.

வந்துவிட்டார்கள். கருவாடு, சங்கு, அல்வா. வீடெல்லாம் நாற்றம். டிவியில் வீடியோ.

முதல் வீடியோ, காலை. கொக்கியும் குட்டியும் ஒட்டி நீந்துகிறார்கள். இரண்டு பக்கமும் படகு. எஞ்சின் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அண்ணன் குரல்: "அந்தப் பக்கமா வளைங்க, உட்றாதீங்க!" படகு நடுவில் புகுகிறது. குட்டி அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம்.

அடுத்தது, மத்தியானம். கொக்கி மூக்கால் குட்டியைத் தூக்குகிறாள். முங்குகிறது. மறுபடி தூக்குகிறாள். அண்ணி கை தட்டினாள்: "ஏனுங்க, எப்படிக் கொஞ்சுது பாருங்க!"

திருப்பிப் போடச் சொன்னேன். மறுபடியும். குட்டியின் மூச்சுத்துளை திறக்கவே இல்லை. வால் தொங்குகிறது.

"அது செத்துப்போச்சு. மூச்சு விட வைக்கத்தான் தூக்கறா."

அண்ணி டிவியை அணைத்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். "வெளையாடுதுன்னுதான் போட்டுக்காரன் சொன்னான். எனக்கென்ன தெரியும்?"

தெரியும். நேரில் சொன்னேன், போனில் சொன்னேன். புரொப்பல்லர் பட்டதோ களைத்து மூழ்கியதோ, வீடியோவில் தெரியவில்லை. கத்தினேன். பாவி என்றேன். ஊன்றுகோலைச் சுவரில் எறிந்தேன், அப்புறம் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா: "ஒரு மீனுக்குப் போயி கூடப் பொறந்தவன இந்தப் பேச்சு பேசறயே."

மீன் இல்லை அம்மா. பால் கொடுக்கிற ஜீவன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

மே 14, வியாழன்.

மேகம். ஏற்காட்டுப் பக்கம் இடி, இங்கே சொட்டு இல்லை. அண்ணனோடு பேச்சில்லை. மாம்பழம் நறுக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். தொடவில்லை. ஈ மொய்க்கிறது.

போன் ஸ்டேட்டஸில் போட்டிருந்த வீடியோவை எடுத்துவிட்டான். ரிக் ஓனர்கள் எல்லாரும் பார்த்து முடித்த பிறகு. அதில் இரண்டு குடும்பம் அடுத்த வாரம் போகிறதாம், அதே இடத்துக்கு. எரிகிறது எனக்கு.

சேசையா கடலிலிருந்து பேசினார். "இன்னும் விடலம்மா. மூக்குலயே வச்சிக்கிட்டுத் திரியுது."

வழக்கம்போல எஞ்சினை அணைத்துவிட்டு மிதக்கச் சொன்னேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எஞ்சின் நின்றது. படகில் தண்ணீர் தட்டும் சத்தம். வெகுநேரம் அது மட்டும்.

"வருதா?"

"இல்லம்மா. நம்ம போட்டக் கண்டதும் குட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுது."