நீ தப்பாகப் படித்த முகங்கள்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வந்தாள். பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது. கொளவாய் ஏரியைத் தாண்டும்போது அந்த வாசனை எனக்கும் வந்தது. நான் சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ போய் வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

உனக்கும் அப்படித்தான். எலுமிச்சம்பழம் இல்லாமல் நீ பஸ் ஏறியதில்லை. அச்சரப்பாக்கத்தில் பிறந்து, சேகரைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்து, மறைமலைநகர் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் வேலைக்குச் சேர்ந்தாய். பிரேக்குக்குப் போகும் ரப்பர் வளையங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்குவதுதான் நம் வேலை. ரப்பரைவிட மனிதர் முகத்தில் உன் கண் இன்னும் வேகமாக ஓடும். பஸ்ஸில் யாராவது ஏறியதும் என் காதுக்குள் சொல்வாய்: "அந்தம்மா வூட்ல சண்ட போட்டுகினு வந்துகீது. இப்ப பேச்சு குடுக்காத." மதியம் விசாரித்தால் நீ சொன்னதுதான் நடந்திருக்கும். என் மகள் வயிற்றில் இருப்பதை என் கணவருக்கு முன்பே கண்டுபிடித்தவள் நீ. "இன்னாடி, மூஞ்சி ஒரு தினுசா கீதே?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சிரித்தாய்.

அப்படிப்பட்ட கண் எப்போது மாறியது என்று தெரியவில்லை. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு டப்பாவில் சாப்பாடு அப்படியே திரும்பிப் போக ஆரம்பித்தது. காரணம் இதுதான் என்று ஒன்றைக் காட்ட சேகராலும் முடியவில்லை, உன்னாலும் முடியவில்லை. ஆனால் முகங்களைப் பற்றி நீ சொன்னதெல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. யார் கொட்டாவி விட்டாலும் உன்மேல் சலிப்பு. யார் போனைப் பார்த்தாலும் உன்னைத் தவிர்க்கிறார்கள் என்பாய். நின்று வேலை செய்கையில் உனக்குத் தலை சுற்றுகிறது என்று, சூப்பர்வைசர் கோதண்டன் உன்னை ஜன்னலோரம் நாற்காலி போட்ட மேசைக்கு மாற்றினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஓரமா தள்ளிட்டாங்கடி. அடுத்தது வேலய வுட்டு தூக்கிடுவாங்க."

"இல்லடி, உனுக்கு மயக்கம் வருதுன்னுதான் மாத்தினாரு. என்கிட்டயே சொன்னாரு."

"வாயால சொல்லுவாரு. அவரு மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் எங்களோடு மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனோம். கடற்கரையில் என் கணவர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பெரிய வீரராட்டம் தண்ணீரில் இறங்கினார். ஒரு அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போயிற்று. சேகரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். திரும்பினால் உன்னைக் காணவில்லை. சிலை செதுக்கும் கொட்டகைகளைத் தாண்டி பஸ் நிலையத்துப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தாய்.

"இன்னாடி, சொல்லாம வந்துட்ட?"

"நீங்கல்லாம் சிரிச்சீங்களே."

"அவரு நனைஞ்சதுக்கு சிரிச்சோம்டி!"

"தெரியுது. ஆனா என்ன பாத்துதான் சிரிச்ச மாதிரி கீது. நான் ஒருத்தி எல்லாருக்கும் பேஜாரு. நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க."

கடைசி வாக்கியத்தை நீ கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து முடித்தவள்போல் சாதாரணமாகச் சொன்னாய். மறுநாளே சேகரும் நானும் உன்னைச் செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

உன்னிடம் வெகுநேரம் பேசிய பிறகு அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். "இது வெறும் சோகம் இல்லங்க. மத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு ஊகிக்கிற விதமே இந்த நோயில மாறிடலாம். சும்மா இருக்கிற முகம்கூட வெறுக்கிற முகமாத் தெரியும். எல்லாருக்கும் பாரமா இருக்கோம்னு அவங்க நிஜமாவே நம்பறாங்க. அந்த நம்பிக்கைதான் ஆபத்து. அதனால முகத்தைப் பார்த்து புரிஞ்சுக்குவாங்கன்னு விட்டுடாதீங்க. நெனைக்கறதை வாய்விட்டுச் சொல்லுங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்பட வேண்டாம்" என்றார்.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. "செத்துடலாம்னு தோணுதாடி?"

டம்ளரைக் கீழே வைத்தாய். "தோணுது" என்றாய். பிறகு என் தோளில் சாய்ந்து, போகிறவர் வருகிறவர் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாய். "ஒருத்தியாவது கேட்டியே" என்றாய்.

அதற்குப் பிறகு நல்ல மாதங்கள் வந்தன. மாத்திரையும் மருத்துவரின் பேச்சும் உனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தன. சந்தேகம் வந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் என்னையே கேட்பாய்: "கோவமா கீறியா?" நான் "இல்ல, தூக்கம் வருது" என்பேன். நீ நம்பினாய். ஒருநாள் பஸ்ஸில் பழையபடி என் காதில் யாரைப் பற்றியோ குசுகுசுத்தாய். அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அந்த மாதங்கள் உண்மையானவை. முடிவு அப்படி ஆனதால் அவை பொய்யாகிவிடாது.

நோய் மறுபடி வந்தபோது ஓசையில்லாமல் வந்தது. எங்களிடம் சிரித்தாய், சாப்பிட்டேன் என்றாய். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போவதாகவும் சொன்னாய். ஒரு புதன்கிழமை பஸ்ஸில் உன் இடம் காலியாக இருந்தது. மதியம் சேகரிடமிருந்து போன் வந்தது. அவர் என் பெயரைச் சொன்னார். அதற்குமேல் எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அச்சரப்பாக்கத்தில் உன் அம்மா வீட்டுக்கு முன்னால் அவ்வளவு கூட்டம். நீ பயந்த முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. கொட்டாவி விட்டவள் வந்திருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோதண்டன் சார் தெருமுனையில் தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் வந்து, "அந்தப் பொண்ணு என்னப் பாத்தாலே தலைய குனிஞ்சிகினு போவும். நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

"ஒன்னும் பண்ணல சார். அது அவளுக்கு வந்த நோய். உங்க மூஞ்சில கோவம் கீதுன்னு நெனச்சிகினா."

அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "எம் மூஞ்சியே இப்டித்தாம்மா. பொறந்ததுலேர்ந்து இப்டித்தான்."

நான் அந்தத் தெருவில் நின்று உன்னைத் தேடினேன், இதைச் சொல்ல. எல்லோருக்கும் நிம்மதி என்று நீ நினைத்தாயே, வந்து ஒரு நிமிடம் இவர்களைப் பார் என்று. சேகர் இப்போதும் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். உன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். நிம்மதி என்பது எங்கள் யாரிடமும் இல்லை.

கோதண்டன் சார் மாறிவிட்டார். யாரையாவது மேசை மாற்றினால், "வேல நல்லா கீது, ஒடம்புக்காகதான் மாத்துறேன், வேற ஒன்னுமில்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். புதிதாக வந்தவர்கள் அவரை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் பேக்கிங் பிரிவு செல்வராணி சாப்பாட்டுக்கு வராமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சில வாரங்களாகவே அவள் சரியாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "யக்கா, யாருக்கும் நான் தேவையில்ல" என்றாள். உன்னிடம் கேட்டதையே அவளிடமும் கேட்டேன். அவளும் ஆமாம் என்றாள். அன்றே அவள் அண்ணனை வரச்சொல்லி மருத்துவரிடம் போனோம். இப்போது ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறாள்; வாராவாரம் நானும் கூடப் போகிறேன்.

அன்று அந்தப் படிக்கட்டில் அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள், எதையோ தேடுவதுபோல. என் முகமே சொல்லிவிடும் என்று நான் விட்டுவிடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயால் சொன்னேன்: "நீ இருக்கணும். எனக்கு நீ வேணும்."