மூன்று மணி நேர உணவு இடைவேளை

அலுவலகத்தை ஒழித்துப் பெயின்ட் அடிக்கிறார்கள். பழைய அலமாரியின் அடித்தட்டிலிருந்து உன் பெட்டி வெளியே வந்தது. சாம்பல் நிறம், முன்னால் ஒரு பச்சை விளக்கு, பக்கத்தில் வெள்ளைச் சுவிட்ச். சுவிட்சின்மேல் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. துணியோடு வந்தவரை அவசரமாகத் தடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தொலைபேசிப் பேச்சைக் கம்ப்யூட்டர் கம்பியில் அனுப்பும் பெட்டிகளை அப்போதுதான் பெங்களூரில் ஆளுக்கு ஆள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். யார் செய்த பெட்டியும் யாருடையதோடும் பேச வேண்டும் என்று பொது விதி எழுத ஒரு தரக்குழு. நான் அதில் கூட்டக் குறிப்பு எழுதுபவள். நீ பொம்மசந்திராவில் ஒரு சின்னக் கம்பெனியின் இன்ஜினியர். நீலசந்திராவில் உன் வீட்டிலிருந்து டிபன் டப்பாவோடு கூட்டத்துக்கு வருவாய்.

அந்த முறை பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாய். விதியை வரிக்கு வரி பார்த்துச் செய்த பெட்டி, ஒரு பெரிய கம்பெனியின் பெட்டியோடு பேச மறுத்தது. வாங்க இருந்தவர்கள் கோளாறு உன்னுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஆர்டர் போனால் உங்கள் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ரெண்டையும் இங்கயே மாட்டிப் பார்த்துடலாமே சார்" என்றாய்.

தலைவர் ஒப்பவில்லை. "விதி எழுதுறதுதாம்மா கமிட்டி வேலை. டெஸ்ட் பண்றது கம்பெனிங்க பாடு. நாம கை வச்சா, நாளைக்கு நாமதான் சர்டிபிகேட் குடுத்தோம்பாங்க."

"எழுதினது சரியான்னு எழுதினவங்க பார்க்க வேணாமா சார்?"

நீங்கள் இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன். கடைசியில் தலைவரே, "லஞ்ச் டைம்ல நீங்க என்ன பண்றீங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குழுவில் இருந்த பெரிய கம்பெனிக்காரரும் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். அவருக்கும் உள்ளூர ஆசைதான். எலுமிச்சை சாதம் பிசைந்த கையோடு நீ சுவிட்சைப் போட்டாய்.

"ஏய், கை கழுவிட்டுத் தொடு" என்றேன்.

"லஞ்ச்னா லஞ்ச் மாதிரி இருக்க வேணாமாப்பா?"

இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. பேச்சு மட்டும் இல்லை. மாட்டினாய், கழற்றினாய், விதியைப் புரட்டினாய். சாதம் ஆறி விறைத்துப் போயிற்று. அப்புறம் திடீரென்று சிரித்தாய். "ரெண்டும் ரொம்ப மரியாதப்பா. நீங்க பேசுங்க, நீங்க பேசுங்கன்னு காத்துக்கிட்டு கெடக்குது."

யார் முதலில் பேச வேண்டும் என்று விதியில் நாங்கள் எழுதவே இல்லை. கோளாறு எந்தப் பெட்டியிலும் இல்லை.

கூட்டம் மறுபடி கூடியபோது பரிசோதனையைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. "ஒரு சந்தேகம் சார். கூப்பிடுற பெட்டி முதல்ல பேசணுமா, எடுக்குற பெட்டியா?" என்று மட்டும் கேட்டாய். தலைவர் பெரிய கம்பெனிக்காரரைப் பார்த்தார். அவர் தலைவரைப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றே விதியில் ஒரு வரி சேர்ந்தது. உன் ஆர்டரும் திரும்பி வந்தது; அந்தப் பெட்டியை எங்கள் அலமாரியிலேயே விட்டுப் போனாய். "உணவு இடைவேளை: ஒரு மணி முதல் நான்கு மணி வரை" என்று குறிப்பில் எழுதினேன். அப்படி என்னதான் சாப்பிட்டீர்கள் என்று மேலிடத்தில் கேட்டார்கள். எலுமிச்சை சாதம் என்றேன்.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. குழுவில் இப்போது புது ஆட்கள். பரிசோதனை நம் வேலையா இல்லையா என்று போன வாரம்கூட அடித்துக்கொண்டார்கள். நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. உன்னிடம் பேச முடியாதது கஷ்டமாக இருக்கிறது.

நீ சேர்க்கவைத்த வரி விதியில் இருக்கிறது. விதியில் யார் பெயரையும் போடுவதில்லை. பரிசோதனை என்று ஒன்று நடந்ததாகவும் எங்கேயும் பதிவு இல்லை. பெட்டியை ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். தூசி தட்டும்போதெல்லாம் சுவிட்சை மட்டும் விட்டுவிடுகிறேன். அதில் உன் விரல் இருக்கிறது.