திருப்பி ஒட்டிய பெட்டிகள்

மருமகளுக்கு,

நான் கடைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. கூரியர்காரர் மதியத்துக்குள் வருவார். பட்டறைச் சாவி அலமாரியின் மேல்.

நேற்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். நம் சூளையில் வெந்த கோப்பைகள் பிஸ்கட் கம்பெனியின் பழைய அட்டைப்பெட்டியில் போவதா என்றுதான் கேட்டேன். "பெட்டி மேல இருக்கிற பேரையா, மாமா, ஊத்திக் குடிக்கப் போறாங்க?" என்றாய். நீ கேட்டது சரியென்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் குரல் உயர்ந்தது.

இன்று காலை ஒரு கோப்பையைக் காகிதத்தில் சுற்றி, உன் பெட்டியில் வைத்து, மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டுப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. (உன் மாமியாரிடம் சொல்லாதே.) தெர்மாகோல் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அட்டை மக்கிப் போகும், அது மக்காது என்று நீ சொன்னதும் சரிதான்.

ஆனாலும் அடுத்தவன் பேரோடு நம் சரக்கு வாசல் தாண்டக் கூடாது. அதனால் எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி ஒட்டியிருக்கிறேன். பசை காய்ந்த பிறகு அடுக்கு.

மாமா

பி.கு.: மூலைகளில் காகிதத்தை இன்னும் இறுக்கமாகத் திணி.

இன்னொன்று: அனுப்புநர் என்ற இடத்தில் வழக்கம்போல் என் பேரை எழுதிவிடாதே. ஆர்டர் பிடித்தவள் நீ. உன் பேரை எழுது. அதுவும் இந்த வீட்டுப் பேர்தான்.