அண்ணையின் படங்களுக்கு ஒரு பெட்டி

ஹேர்னிங், டென்மார்க், 16.11.2008

லப்டொப் நிரம்பிவிட்டது. இனி ஒரு படம்கூட ஏறாது. என் கூடப்பிறந்த பரமானந்தம் அண்ணையோ நிறுத்துவதாக இல்லை. கிளிநொச்சியில் தன் ஸ்ரூடியோவில் இத்தனை வருஷமாக எடுத்ததையெல்லாம் இன்ரநெற் வழியாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். "ஆமி கிட்ட வந்திட்டான் தங்கச்சி. கடையைத் தூக்கிக்கொண்டு ஓடேலாது. சனத்தின்ரை முகங்களை நீ வைச்சிரு" என்றார் ரெலிபோனில். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கே வைக்கிறது?

23.11

இரவும் பகலும் ஓடுகிற சேர்வர் ஒன்றை நானே பொருத்தப்போகிறேன். முழுவதும் புதிதாக வாங்க வசதியில்லை. வேலை செய்கிற கந்தோரில் எறியவிருந்த பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். பெட்டியும் மதர்போர்டும் பழசாக இருக்கலாம். பவர் சப்ளையும் டிஸ்க்கும் பழசாக இருக்கவே கூடாது. டிஸ்க் இரண்டு வேண்டும். இரண்டிலும் ஒரே படம் பதியும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். அதையும் வேறுவேறு கொம்பனியில், வேறுவேறு கடையில் வாங்கவேண்டும் — ஒன்றாகச் செய்தவை ஒன்றாகவே போகுமாம்.

என் மனுஷன் ஆனந்தராஜா சிரிக்கிறார். "இரண்டிலையும் ஒரே படமோ? உமக்கென்ன விசரே? லொப்பமார்க்கில பழசா ஒண்டு எடுப்பம்." பழஞ்சாமான் சந்தையில் பெண் விற்றால் அங்கேயே கலியாணமும் கட்டியிருப்பார்.

07.12

ஓடுகிறது! அண்ணையின் படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. கலியாணம், சாமத்தியச் சடங்கு, அடையாள அட்டைக்கு எடுத்த முறைத்த முகங்கள். லப்டொப்பில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

"எல்லாரின்ரை முகமும் வருது, உங்கடை எங்கை?" என்று அண்ணையை ஏசினேன். தன்னைத்தானே ஒன்று எடுத்து அனுப்பினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னிடம் இருக்கிற அவருடைய ஒரே படம் இதுதான்.

04.01.2009

கிளிநொச்சி ஆமியிடம் போய்விட்டது. அண்ணையின் சத்தம் இல்லை. வேலையிடத்தில் ஒருத்தி, "சண்டை முடியப்போகிறதாம், சந்தோஷம்தானே?" என்று கேட்டாள். சந்தோஷம். மண்ணாங்கட்டி.

15.02

கிளிநொச்சியில் பழக்கமான றோசலின் அக்கா, இப்போது இருக்கிற ஸ்கீவ ஊரிலிருந்து வந்தார். வன்னியில் அகப்பட்டிருக்கிற தங்கையின் கலியாணப் படம் அண்ணை அனுப்பியதில் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. திரையைத் தடவித் தடவி அழுதார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் பிரதி தருகிறேன் என்றேன். "ஆறுதலா வாங்கோ அக்கா. இரண்டு டிஸ்க்கில கிடக்குது, எங்கை போகப்போகுது?"

20.04

சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த கோபன்ஹேகன் ஆர்ப்பாட்டத்தில் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தோம். தொண்டை கிழியக் கத்தினோம். ஆர் கேட்டது?

வீட்டுக்குள் வந்தால் மேசையில் பெட்டியைக் காணவில்லை. போகிற அன்று நான் காரில் ஏறியபிறகு மனுஷன் அதைத் தூக்கி சோகேசுக்குள் வைத்து, வயரைக் கொழுவி, ஓடவிட்டு, பொலித்தீன் சுற்றி, அதன்மேல் பூவேலைத் துணியும் போர்த்து, கண்ணாடிக் கதவையும் சாத்தியிருக்கிறார். "மச்சானின்ரை சாமான்... தூசி படக்கூடாதெண்டுதான்..." இந்த வீட்டில் ரிமோட்டுக்குப் பொலித்தீன், சோபாவுக்குப் பொலித்தீன். இப்போது இதற்கும்!

காற்றுப் போக வழியில்லை. தொட்டேன். சுட்டது. இரண்டு டிஸ்க்கும் டக் டக்கென்று அடித்துவிட்டு நின்றன.

பார்த்துப் பார்த்து வாங்கினேனே! எல்லாவற்றையும் பார்த்தேன், வீட்டிலிருக்கிற மனுஷனைப் பார்க்கவில்லை. வாயில் வந்தபடி பேசினேன். அந்தாள் அந்தப் பொலித்தீனை ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தார். அதுவும் ஆத்திரமாக இருந்தது.

19.05

சண்டை முடிந்ததாம். இங்கே செய்தியில் காட்டினார்கள். பிறகு வானிலை. நாளைக்கு வெயிலாம்.

07.06

அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அண்ணையைத் தன் கையாலேயே மண் போட்டு மூடினாராம். பெயரைக் கேட்டேன். பயத்தில் வைத்துவிட்டார்.

14.06

ஓகூஸ் நகரத்தில் பழுதான டிஸ்க்குகளைப் பார்க்கிற கடையில் கொடுத்திருந்தேன். தேறியதை அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம்தான். றோசலின் அக்காவின் தங்கை அதில் இல்லை. சொன்னபோது, "அண்டைக்கே தந்திருக்கலாமெல்லோ விஜிதா" என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

அண்ணையின் முகமும் இல்லை. ஒரு படத்தில் மட்டும் அவருடைய கை இருக்கிறது. கதிரையில் இருத்திய சின்னப் பிள்ளை ஒன்றின் நாடியை நிமிர்த்திப் பிடித்திருக்கிற கை. விரலில் அம்மாவின் மோதிரம். கையை மட்டும் வெட்டி எடுக்கலாம்தான். பிள்ளையின் முகத்தை வெட்ட மனம் வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ?

21.06

ஆனந்தராஜா படச்சட்டம் ஒன்று வாங்கிவந்தார். புதுசு. கண்ணாடியில் ஒட்டியிருந்த பொலித்தீனைத் தானே உரித்துக் குப்பையில் போட்டார். அண்ணையின் கையுள்ள படத்தை அதில் போட்டுச் சுவரில் கொழுவிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "மாலை போடுவமே?"

"வேண்டாம். அந்தப் பிள்ளை உயிரோடை இருக்கலாம்."